காஞ்சியின் கொலுமண்டபம்

கொரியா தேசத்தின் தலைநகராகிய ஸியோலில், கியோங்போக் என்னும் பழைய அரண்மனையின் எல்லைக்குள் ஒரு பொருட்காட்சிசாலை இருக்கிறது. 1392 முதல் 1910 வரையில் அந்நாட்டில் செங்கோல் செலுத்திய ஜோஸன் வமிசத்து மன்னர்களின் முத்திரைகளும், ஆடைகளும், சடங்குப் பாத்திரங்களும், வாத்தியங்களும், ஏடுகளும் அங்கே ஒழுங்குபட வைக்கப்பட்டிருக்கின்றன. சூரியனும் சந்திரனும் ஐந்து மலைச் சிகரங்களும் தீட்டிய திரை ஒன்று சிங்காதனத்தின் பின்னால் நிற்பது அந்நாட்டு வழக்கம். அத்தகைய திரையை அங்கே காணலாம். 1395-ஆம் வருஷத்தில் கல்லிற் செதுக்கிய வானமண்டலப் படத்தையும் காணலாம். அரசன் எவ்விதம் முடி புனைந்தான், எவ்விதம் முன்னோரை வழிபட்டான், அரண்மனையில் நாழிகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பவற்றையெல்லாம் ஒரு பள்ளிச் சிறுவனும் ஒரு பகற்பொழுதில் அறிந்துகொண்டு வீடு திரும்பக்கூடும்.

கொரியாவில் இன்று அரசன் இல்லை, அது குடியரசு. அவ்வாறிருக்க, இல்லாத அரசனுடைய ஆடையையும் முத்திரையையும் அந்த ஜனங்கள் இத்தனை கருத்துடன் காப்பதேன்? இந்த வினாவுக்குரிய விடையில் நமது காஞ்சீபுரத்துக்கு ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. ஆதலால்தான் அயல்நாட்டு அரண்மனையைப் பற்றி இன்று நாம் எழுத முற்பட்டோம்.

கியோங்போக் அரண்மனை பட்ட பாடு கொஞ்சமன்று. 1395-இல் எழுந்த அந்த மாளிகை 1592-ஆம் வருஷத்து ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து சாம்பலாயிற்று. ஏறக்குறைய 270 வருஷங்கள் பாழாய்க் கிடந்தபின் 1867-இல் மறுபடியும் கட்டி முடிக்கப்பட்டது. 1910-இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. அந்நிய ஆதிக்கத்தில் அரண்மனைக் கட்டிடங்களிற் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. கொலுமண்டபத்துக்கு எதிரே, அதை ஊர் ஜனங்களின் கண்ணிலிருந்து மறைக்கும்படியாக, ஜப்பானியக் கவர்னர் ஜெனரலின் பிரம்மாண்டமான காரியாலயம் 1926-இல் எழும்பி நின்றது. சாங்கியோங் என்ற மற்றோர் அரண்மனைக்கு நேர்ந்த அவமானம் இதனினும் பெரிது. 1909-இல் அதனுள் மிருகக் காட்சிசாலை வைத்தார்கள். மன்னர்கள் நடமாடிய முற்றத்தில் கூண்டுகள் வைக்கப்பட்டன.

ஒரு ஜாதியை அடிமையாக்க நினைப்பவன் அதன் நிலத்தை மட்டும் பறித்துக்கொண்டு திருப்தியடைவதில்லை. அதன் ஞாபகத்தையும் பறிக்கிறான். கொரியர் இதை உணர்ந்தார்கள். சுதந்திரம் பெற்றபின் அந்தக் கூண்டுகளை அகற்றினார்கள். 1995-இல் அந்நியரின் காரியாலயத்தை இடிக்கத் தொடங்கி மறு வருஷத்தில் முடித்தார்கள். இழந்த மண்டபங்களை ஒவ்வொன்றாக மீண்டும் எழுப்பி வருகிறார்கள். விடுதலையின் அறுபதாம் ஆண்டு நிறைவு நாளான 2005 ஆகஸ்டு 15-ஆம் தேதியன்று மேற்கூறிய பொருட்காட்சிசாலையை அரண்மனை எல்லைக்குள் திறந்தார்கள். அரச பக்தி அவர்களை இதற்குத் தூண்டவில்லை. அரசனுக்கு உரியதாயிருந்த மாளிகையும் செல்வமும் இன்று பிரஜைகளுக்கு உரியவை என்ற எண்ணமே தூண்டியது.

அவர்கள் இழந்த பொருளைத் தேடி மீட்ட வரலாறும் நாம் அறிய வேண்டியதே. பிரெஞ்சுப் பாதிரிமார் சிலர் கொரியாவில் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்கும் பொருட்டு 1866-இல் பிரெஞ்சுக் கடற்படை கங்ஹ்வா தீவுக்கு வந்தது. அங்கிருந்த அரச புஸ்தகசாலைக்குத் தீயிட்டது; அரசவைச் சடங்குகளைச் சித்திரங்களோடு விவரிக்கும் ஏடுகளை வாரிக்கொண்டு போயிற்று. நூறு வருஷங்களுக்கு மேல் அவை பாரிஸில் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்தன. அங்குள்ள தேசீய நூல்நிலையத்தில் வேலை பார்த்த பாக் பியோங் சோன் என்ற கொரியப் பெண்மணி 1975-இல் அவற்றைக் கண்டெடுத்து உலகத்துக்கு அறிவித்தார். பல்லாண்டு வாதாடியபின் 2011-இல் 297 ஏடுகள் தாய்நாடு திரும்பின. அப்பொழுதும், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கத்தக்க இரவலாகத்தான் தருவோம் என்று பிரான்ஸ் சொல்லிற்று. பறித்தவனிடமே இரவல் வாங்கும் நிலைமை கசப்பானதுதான். ஆனால் ஏடுகள் வந்து சேர்ந்தன. அதே வருஷத்தில் ஜப்பானும் தன்னிடமிருந்த 1,205 நூல்களைத் திருப்பிக் கொடுத்தது.

இனி, நம்முடைய காஞ்சிக்கு வருவோம்.

காஞ்சியும் ஒரு காலத்தில் ராஜதானி. மகேந்திரவர்மனும் மாமல்லனும் ராஜசிம்மனும் நந்திவர்மனும் கொலுவீற்றிருந்த நகரம் இது. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் தமது நூலில் இதனைக் குறித்து வைத்தார். இங்கிருந்த கடிகை என்னும் கல்வி ஸ்தாபனத்தின் புகழ் வெகு தூரம் பரவியிருந்தது. ஆனால் பல்லவர் அரண்மனை எங்கே என்று இன்று ஒருவன் கேட்டால் காட்டுவதற்கு ஒரு சுவர்கூட இல்லை. தேவனுடைய ஆலயத்தைக் கல்லால் கட்டிய மன்னர்களின் சொந்த மாளிகை எதுவும் காலத்தை வென்று நிற்கவில்லை. பல்லவமேடு என்று ஊரார் வழங்கும் மேட்டில் 1970-71-இல் தமிழ்நாட்டுத் தொல்பொருள் இலாகாவினர் அகழ்ந்து பார்த்தனர். அந்தப் பெயர் ஒன்றுதான் பழைய பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எனினும் பல்லவர் கொலு முற்றும் அழிந்துவிட்டதென்று எண்ணுவது தவறு. அரண்மனை போயிற்று, அரண்மனையின் சித்திரம் இருக்கிறது. அது வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மண்டபத்தில் இருக்கிறது.

இரண்டாம் நந்திவர்மனான பல்லவமல்லன் எட்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த ஆலயம் அது. பரமேச்சுர விண்ணகரம் என்று திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றது. பெருமாள் இருந்தும் கிடந்தும் நின்றும் மூன்று நிலைகளில் அங்கே சேவை சாதிக்கிறார். சேவிக்கப் போகிறவர்கள் சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்றைக் கடந்தே செல்கிறார்கள். அவர்களுள் எத்தனை பேர் அந்தச் சுவரின் பக்கம் முகம் திருப்புகிறார்கள்? மேலும் கீழுமாக இரண்டு வரிசைகளில், பிரம்மதேவனிடமிருந்து தொடங்கிப் பல்லவமல்லன் காலம் வரையில், ஒரு ராஜ வமிசத்தின் சரித்திரம் முழுவதும் அங்கே கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. முடிசூட்டு விழாக்களும் யுத்தங்களும், தூதரை வரவேற்கும் சபைகளும், யானையும் குதிரையும், குடையும் சாமரமும், ஆசனத்தில் அமர்ந்த அரசனும் அருகில் நிற்கும் பரிவாரமும் அங்கே உண்டு. கொரியர் காகிதத்தில் வர்ணந்தீட்டிக் காத்த அரசவைச் சடங்குகளை, அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே நம்மவர் கல்லில் வடித்து வைத்தார்கள்.

அச்சிற்பங்களில் ஒரு பகுதிக்கு விளக்கமாகக் கல்வெட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது சொல்லும் செய்தியை அரசியலில் ஈடுபட்ட ஒவ்வொரு தமிழனும் அறிந்திருக்க வேண்டும். இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின் சிங்காதனம் வெறுமையாயிற்று. அப்பொழுது கடிகையாரும் மூலப்பிரகிருதியார் எனப்பட்ட குடிமக்களும் மற்றவர்களும் திரண்டு, பல்லவர் குலத்தின் மற்றொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்றார்கள். நாட்டுக்கு அரசன் வேண்டுமென்று கேட்டார்கள். இரணியவர்மன் தன் புதல்வர்களை வினவினான். மூத்தவர் மூவரும் மறுத்துவிட்டனர். பன்னிரண்டு வயதே நிரம்பிய இளையவன் பல்லவமல்லன், "நான் போவேன்" என்று முன்வந்தான். சிறுவனை அனுப்பத் தந்தை தயங்கினான். பெரியோர் தேற்றிய பிறகே இசைந்தான். ஆறுகளையும் மலைகளையும் காடுகளையும் கடந்து சிறுவன் காஞ்சியை வந்தடைந்தான். நகரத்தாரும் சாமந்தரும் எதிர்கொண்டழைக்க நகரம் புகுந்தான். மந்திரிமாரும் சாமந்தரும் கடிகையாரும் கூடி நந்திவர்மன் என்ற பெயர் சூட்டி அபிஷேகம் செய்வித்தனர். சமுத்திரகோஷம் என்னும் முரசு, கட்வாங்கக் கொடி, இடப முத்திரை ஆகிய ராஜ சின்னங்கள் அவனுக்கு உரியவையாயின.

இதை இக்காலத்து ஜனநாயகம் என்று நாம் சொல்ல வரவில்லை. அக்காலத்தில் வோட்டு இல்லை. தாழ்த்தப்பட்டோரின் குரல் அந்தச் சபையில் ஒலித்திருக்கும் என்று நம்புவதற்கும் இடமில்லை. ஆயினும் அரசன் இல்லாதபோது நாடு இருந்தது. அந்த நாடு தனக்கு அரசனைத் தேடிப் புறப்பட்டது. தன்னைத் தேடி வந்து முடி தந்தவர்களை மறைக்காமல், தான் கட்டிய கோயிலின் சுவரிலேயே அவர்களைச் செதுக்கி வைக்க அந்த அரசன் இசைந்தான். "நாமே ராஜா, நமக்கு யார் எஜமானர்?" என்று செருக்கிய மன்னர்களின் சரித்திரத்தையே பரீட்சைக்காகப் படித்துப் பழகிய நமக்கு, நம் ஊர்ச் சுவரில் எழுதிய இந்தச் செய்தி ஏன் தெரியாமற் போயிற்று?

தெரிவிக்க ஒருவர் முயன்றார். சென்னை சர்வகலாசாலையில் 1936-இல் டாக்டர் பட்டம் பெற்ற மீனாட்சி அம்மையார், பல்லவர் ஆட்சிமுறையையும் சமூக வாழ்க்கையையும் பற்றிய தமது ஆராய்ச்சி நூலை 1938-இல் வெளியிட்டார். வைகுண்டப் பெருமாள் கோயிற் சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து இன்ன சிற்பம் இன்ன அரசனைக் குறிக்கிறதென்று விளக்கி எழுதினார். 1940-இல், நாற்பது வயதுகூட நிரம்பாமல், அவர் மறைந்தார். அந்த நூலை மறு வருஷம் மத்தியத் தொல்பொருள் இலாகா வெளியிட்டது. பாரிஸில் ஏடுகளைக் கண்டெடுத்த கொரியப் பெண்மணியை அந்நாடு கொண்டாடுகிறது. காஞ்சியின் கற்களைப் பேசவைத்த நமது பெண்மணியின் பெயரைத் தெரிந்தவர்கள், ஆராய்ச்சியாளரை நீக்கிப் பார்த்தால், எத்தனை பேர்?

இதற்கிடையில் கல் காத்துக்கொண்டிராது. வைகுண்டப் பெருமாள் கோயிற் சிற்பங்கள் மணற்கல்லாலானவை. மாமல்லபுரத்துக் கருங்கல்லைப் போல் அது வெயிலையும் மழையையும் ஈரத்தையும் தாங்குவதன்று. முகங்கள் தேய்ந்திருக்கின்றன, சில உருவங்கள் இன்னதென்று அடையாளங் காண முடியாதபடி உதிர்ந்திருக்கின்றன. கோயில் மத்தியத் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருப்பது உண்மையே. ஆனால் காவலன் திருடனைத் தடுப்பான், ஈரத்தைத் தடுக்கமாட்டான். கொரியருடைய ஏடு எரிந்தால் மற்றொரு பிரதி எங்கேனும் இருக்கலாம். உலகத்தில் இந்தச் சுவருக்குப் பிரதி கிடையாது.

நமது செல்வம் இயற்கையால் மட்டும் தேயவில்லை. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் யோகினித் தேவியரின் அரிய சிலைகள் பல காஞ்சிச் சுற்றுப்புறத்தில் இருந்தன. புதுச்சேரியில் வசித்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் 1926-ஐ ஒட்டி அவற்றைத் திரட்டினார்; பாரிஸில் கடை வைத்திருந்த சி. டி. லூ என்ற கலைப்பொருள் வியாபாரியின் மூலம் அவை தேசாந்தரம் போயின. ஒரே வரிசையில் அமர்ந்திருந்த தேவியர் இன்று லண்டனில் ஒருவர், பாரிஸில் ஒருவர், வாஷிங்டனில் ஒருவர், கானடாவின் டொரண்டோவில் ஒருவர் என்று பிரிந்திருக்கிறார்கள். சென்னைப் பொருட்காட்சிசாலையிலும் இந்த வகைச் சிலை உண்டு. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சுண்ணாம்பின் அடியில் மறைந்திருந்த பல்லவர் கால வர்ணச் சித்திரங்களை 1931-இல் கண்டு சொன்னவரும் அதே பேராசிரியர்தான் என்பதையும் நியாயம் கருதிச் சொல்லிவிடுகிறோம். ஒருவரே ஒரு கையால் கொடுத்தார். மறு கையால் கொண்டு போனார். வீட்டுக்காரன் உறங்கினால் விருந்தாளி எப்படி நடந்துகொள்வான் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அந்நியன் கொண்டுபோவது இயல்புதானே என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளவும் காஞ்சியின் சரித்திரம் இடந்தரவில்லை. எட்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவரை வென்று காஞ்சிக்குள் புகுந்தான். அவன் நகரத்தைக் கொளுத்தவில்லை. ராஜசிம்மேசுவரம் என்ற கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டான். அதைத் தொடாமல் தேவனுக்கே திரும்ப அளித்தான். அச்செய்தியைக் கன்னட மொழியில் அந்தக் கோயிலின் தூணிலேயே பொறிக்கச் செய்தான். அவனுடைய பட்டமகிஷி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த ஆலயத்தில் காஞ்சிக் கோயிலின் சாயல் விளங்குகிறது. பகைவன் காத்துக் கொடுத்த பொருளைப் பிள்ளைகள் நாம் பாராமுகத்தால் இழப்பதா?

ஆகவே காஞ்சீபுரத்தில் பல்லவர் கொலுவையும் அரண்மனை வாழ்வையும் விளக்குவதற்கென்றே ஒரு பொருட்காட்சிசாலை அமைய வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். ஊரில் சர்க்காரின் பொருட்காட்சிசாலை ஒன்று இருக்கிறதே என்று சொல்லலாம். பல காலத்துப் பொருள்களைச் சேர்த்து வைக்கும் பொது நிலையம் வேறு. ஒரு ராஜதானியின் வாழ்வை முதலிலிருந்து முடிவு வரை எடுத்துச் சொல்லும் நிலையம் வேறு. தஞ்சையில் மராட்டியர் அரண்மனை இருக்கிறது. மதுரையில் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. கீழடியில் கிடைத்த பொருள்களுக்கு 2023-இல் அந்த இடத்திலேயே அழகிய காட்சிசாலை திறக்கப்பட்டது. கீழடிக்குச் செய்தது காஞ்சிக்கும் சாத்தியமே.

அந்நிலையத்தில் வைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சில சொல்வோம். முதலாவதாக, வைகுண்டப் பெருமாள் கோயிற் சிற்பங்கள் ஒவ்வொன்றும் இக்காலக் கருவிகளால் நுட்பமாக அளவெடுக்கப்பட வேண்டும். அவற்றின் அச்சுப் பிரதிகள் வரிசை பிறழாமல் அங்கே நிறுத்தப்பட வேண்டும். பக்கத்தில் கல்வெட்டின் வாசகமும் எளிய தமிழில் அதன் பொருளும் இருக்க வேண்டும். அசல் கோயிலிலேயே இருக்கட்டும். அது வழிபாட்டுக்குரிய இடம். அதன் அமைதியைக் குலைக்கும் எதையும் நாம் விரும்பவில்லை. இரண்டாவதாக, பல்லவர் செப்பேடுகளின் பிரதிகளும் மொழிபெயர்ப்புகளும் வேண்டும். காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தின் செப்பேடு, முதலாம் பரமேசுவரவர்மனுடைய யானையின் பெயர் அரிவாரணம், குதிரையின் பெயர் அதிசயம் என்று சொல்கிறது; கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு செய்ததையும் சொல்கிறது. அரண்மனை வாழ்வை அறிய இவற்றினும் சுவையான சாட்சி வேண்டுமோ? மூன்றாவதாக, ராஜசிம்மன் கைலாசநாதர் கோயிலில் பொறித்து வைத்த விருதுப் பெயர்களும், அவனுடைய தேவி ரங்கபதாகை அக்கோயிலின் முன்புறத்தில் எடுப்பித்த சிற்றாலயத்தின் வரலாறும் இடம்பெற வேண்டும்.

நெசவாளரை மறந்து காஞ்சியில் எந்த நிலையத்தையும் கட்ட முடியாது. இன்றைய பட்டுத் தொழில் பல்லவர் காலத்திலிருந்தே இடையறாது வருகிறதென்று ஆதாரமின்றிச் சொல்ல நாம் முற்படோம். ஆனால் தறிக்கு வரி இருந்ததைப் பல்லவர் செப்பேடுகள் காட்டுகின்றன. அரசவை இருந்த இடத்தில் ஆடை நெய்தவனும் இருந்தான். அவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. சிற்பங்களில் காணும் உடையின் மடிப்பையும் கரையையும் ஆராய்வதற்குப் பண்டிதரின் கண் மட்டும் போதாது. கோர்வை போட்டு உடலையும் கரையையும் இணைக்கத் தெரிந்த நெசவாளியின் கண்ணும் வேண்டும். அந்நிலையத்தில் ஒரு தறி ஓட வேண்டும். அதில் அமர்பவருக்குக் கௌரவமான சம்பளம் கிடைக்க வேண்டும். அரசர்களின் புகழைப் பாடும் கூடத்தில் உழைப்பாளியின் பெயரும் முதன்முறையாக எழுதப்படட்டும்.

"வயிறு காயும் தேசத்தில் மியூஸியம் எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுடைய கேள்வியில் உள்ள அனுதாபத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் கொரியாவும் யுத்தத்தால் சின்னாபின்னமாகி வறுமையில் கிடந்த நாடுதான். அது தன் ஞாபகத்தை விற்றுப் பசி தீர்த்துக்கொள்ளவில்லை. "மன்னராட்சியை ஒழித்த நாம் மன்னனுக்கு மண்டபம் கட்டுவதா?" என்று கேட்பவர்களும் உண்டு. மன்னனைக் கும்பிட நாம் சொல்லவில்லை. அவனை அறியச் சொல்கிறோம். யார் உழைப்பில் அவன் வாழ்ந்தான், யார் அவனுக்கு முடி தந்தார்கள் என்பதை அறிந்தவன் எந்த எஜமானனுக்கும் எளிதில் அடிமையாகான்.

மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகாவிடம் கோயில் இருக்கிறது. தமிழ்நாடு சர்க்காரிடம் நிலமும் பொருட்காட்சிசாலை இலாகாவும் இருக்கின்றன. இவர் செய்யட்டும் என்று அவரும், அவர் செய்யட்டும் என்று இவரும் காத்திருந்தால் மணற்கல் உதிர்ந்துகொண்டே போகும். இரு சர்க்கார்களும் கலந்து முதலில் சிற்பங்களை அளவெடுக்கும் வேலையையேனும் தாமதமின்றித் தொடங்க வேண்டும். கட்டிடம் பின்னால் வரலாம். தேய்ந்த முகம் பின்னால் வராது. யோகினித் தேவியர் விஷயத்திலும் முறைப்படி கேட்டுப் பார்க்கவேண்டும். பத்தூர் நடராஜர் 1991-இல் லண்டனிலிருந்தும், ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்தும் திரும்பவில்லையா? அவை களவுபோன விக்கிரகங்கள். தேவியரின் வழக்கு வேறு என்று சட்ட நிபுணர் சொல்லலாம். கொரியரின் ஏடும் சட்டப்படி பிரான்ஸுக்கு உரியதென்றே சொல்லப்பட்டது. கேளாதவனுக்கு இரவலும் கிடைப்பதில்லை.

காஞ்சி வாசிகளுக்கு ஒரு வார்த்தை. சர்க்காருக்கு மகஜர் அனுப்புவதோடு உங்கள் கடமை தீர்ந்துவிடாது. அடுத்த முறை பெருமாளைச் சேவித்துத் திரும்பும்போது உங்கள் குழந்தைகளைத் திருச்சுற்றில் சற்றே நிறுத்துங்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் நாட்டின் அழைப்புக்கு, "நான் போவேன்" என்று சொன்ன கதையை அந்தச் சுவரைக் காட்டிச் சொல்லுங்கள். மூத்தவர்கள் மறுத்த பொறுப்பை அவன் ஏற்றான். இன்று அந்தச் சுவரைக் காக்கும் பொறுப்பு நம்மை அழைக்கிறது. மறுத்த மூவரின் வரிசையில் நாமும் நிற்கலாகாது.